பன்னிரண்டு நட்சத்திரங்களிலும் ஒரே மேடு

பன்னிரண்டு நட்சத்திரங்களின் அகச்சிவப்பு நிறமாலையிலும் ஒரே இடத்தில் ஒரு சின்ன மேடு. விண்வெளித் தொலைநோக்கி எடுத்துப் பொதுவில் வைத்திருந்த தரவுகளை, நெய்வேலி குவார்ட்டர்ஸில் உட்கார்ந்தபடியே இறக்கி ஆராய்ந்துகொண்டிருந்த எனக்குத் தலைகால் புரியவில்லை. நட்சத்திரங்களைச் சுற்றியுள்ள தூசியில் யாரும் பார்க்காத ஒரு கனிமம் என்று முடிவுகட்டி, எங்கள் பிளாக்கில் நாலு வீட்டுக்குக் கேசரி வேறு கொடுத்துவிட்டேன். நான் அவசரக்குடுக்கை என்பது அந்த நாலு வீட்டுக்கும் முன்பே தெரியும்.

என் ஆய்வு வழிகாட்டி அசரவில்லை. "பன்னெண்டுலயும் அதே மேடாம்மா? காரணம் சொல்லு. இல்லன்னா அந்த அத்தியாயத்தையே எடுத்துடலாம்" என்றார். எடுத்தால் என் மூன்று வருட உழைப்பில் பாதி போய்விடும். இரண்டு வாரமாகச் சோறு இறங்கவில்லை.

ஒரு சனிக்கிழமை மதியம், முதல் ஷிப்ட் முடிந்து வந்த கணவர் கையில் எண்ணெய் தடவிக்கொண்டு பண்ருட்டிப் பலாவை அறுத்தார். சுரங்கத்தில் கரி போகும் பெல்ட்டின் எடைக்கருவியைச் சரிபார்ப்பது அவர் வேலை. கூடவே சுளை எடுத்தபடி அவரிடம் புலம்பினேன்.

"எல்லாத்துலயும் ஒரே மாதிரி கூட காட்டுதா? எங்க பெல்ட்டு அப்படிக் காட்டிச்சுன்னா நாங்க கரிய சந்தேகப்பட்டுக்கினு இருக்க மாட்டோம். கருவிய சரிபாக்க வச்சிருக்கிற எடைக்கல்லயே கழட்டி எடை போடுவோம். அது தேஞ்சிருக்கும்" என்றார், சுளையிலிருந்து கண்ணெடுக்காமல்.

எனக்குக் கோபம்தான் வந்தது. என் எடைக்கல் ஒரு நட்சத்திரம். அதன் ஒளி மேடுபள்ளமில்லாதது என்று நம்பித்தான், தொலைநோக்கிக் கருவியின் குறைகளை நீக்க, மற்ற எல்லா நட்சத்திரங்களின் ஒளியையும் அதனால் வகுத்தேன். அதைச் சரிபார்த்தேனா? இல்லவே இல்லை. பலாப்பால் ஒட்டிய கையோடு மடிக்கணினியைத் திறந்து, வேறொரு சூடான நட்சத்திரத்தை அளவாக வைத்து அதை அளந்தேன்.

மேடு இருந்த அதே இடத்தில் இதில் பள்ளம். அதன் மேல்பரப்பிலுள்ள ஒரு வாயு அங்கே ஒளியை விழுங்கியிருந்தது. அதனால் வகுத்தபோது அந்தப் பள்ளம்தான் மற்ற பன்னிரண்டிலும் மேடாகியிருந்தது. கனிமமும் இல்லை, ஒரு மண்ணும் இல்லை! சந்தோஷத்தில் கத்தியே விட்டேன்.

"கண்டுபிடிச்சது போச்சுன்னு குதிக்கிற ஆள இப்பத்தான் பாக்கறேன்" என்றார் கணவர்.

உடனே வழிகாட்டிக்குப் போன் போட்டுச் சொன்னேன்.

"என்னோட பழைய கட்டுரையிலயும் அந்த நட்சத்திரத்தாலதாம்மா வகுத்தேன்" என்றார் மெதுவாக.

அவர் கட்டுரையையும் தப்பாக்கிவிட்டேனே என்று மன்னிப்புக் கேட்கப் போனேன். அதற்குள் அவர் பெரிதாகச் சிரித்தார்.

"அத்தியாயம் இருக்கட்டும், எடுக்க வேணாம். இந்தத் தப்புக்கு முதல் உதாரணமா என்னோடதப் போடு."