படிகள் இல்லாத ஊர்

இத்தாலியில் ஒரு மாதம் தங்க ஊர் தேடுவதற்கு என் கணவர் ஃபைல் திறந்தார். கொல்கத்தா அலிப்பூரில் அரசு அலுவலகத்தில் முப்பத்தைந்து வருடம் குப்பை கொட்டியவர். எங்கள் வீட்டில் மிக்ஸி வாங்கினால்கூட அதற்கு ஒரு ஃபைல் உண்டு. மிலானில் வேலை பார்க்கும் மகள், கடலோரமாக ஒரு சின்ன ஊரில் வீடு எடுத்து மூவரும் இருக்கலாம், ஊரை நீங்களே தேர்ந்தெடுங்கள் என்று சொல்லியிருந்தாள். அவள் அனுப்பிய ஊர் ஒவ்வொன்றுக்கும் ஒரு தாள். மூலையில் பென்சிலில் பக்க எண், கீழே அவர் குறிப்பு, அதற்கும் கீழே என் கையெழுத்துக்கு இடம். எண் போடாத தாள் எப்போது வேண்டுமானாலும் காணாமல் போகும் என்பது அவர் வேதம்.

முதலில் வந்தது ஜெனோவா பக்கத்து ஊர். பாறைமேல் அடுக்கடுக்காக மஞ்சளும் சிவப்புமாய் வீடுகள், கீழே கடல். படத்தைப் பார்த்ததுமே என் மனசு அங்கே போய் உட்கார்ந்துகொண்டது. மீன் வாடை அதிகம் இருக்கும் என்று எழுதி நிராகரித்தார். கொல்கத்தாவில் பிறந்து வளர்ந்த மனுஷனுக்கு மீன் வாடையாம். இரண்டாவது ஊரில் தேவாலய மணி தூங்க விடாதாம். காளிகாட் கோயில் சந்தில் இருபது வருடம் குறட்டை விட்டவர் சொல்கிறார். அதற்கப்புறம் வந்த ஊர்களுக்கும் இப்படியே நொண்டிச் சாக்குகள். போக இஷ்டமில்லை என்றால் சொல்லித் தொலைக்கலாமே என்று கத்திவிட்டேன். போகத்தான் வேண்டும் என்றார். அவர் சொன்ன விதம் எனக்குப் பிடிக்கவில்லை. ஏன் என்று அப்போது தெரியவில்லை.

அந்த வாரம் நியூ டவுனில் எங்கள் கட்டடத்து லிஃப்ட் ஒருநாள் மதியம் முழுக்க ஓடவில்லை. நாங்கள் ஒன்பதாவது மாடி. காளிகாட்டில் மூன்றாவது மாடி வீட்டை விட்டு லிஃப்ட் உள்ள இடத்துக்கு வந்தே ஆகவேண்டும் என்று போன வருடம் ஒற்றைக்காலில் நின்றவர் அவர்தான். பன்னிரண்டு மணிக்குத் தயிர் வாங்கப் போனவர் நாலு மணிக்கு வந்தார். கீழே தெரிந்தவர் ஒருவரோடு பேசிக்கொண்டிருந்தாராம். மறுநாள் எதிர் ஃப்ளாட் வங்காளிப் பெண் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, தாதாவுக்கு, அதாவது அண்ணாவுக்கு, உடம்பு சரியில்லையா என்று கேட்டாள். முதல் மாடிப் படியில் அவர் தனியாக உட்கார்ந்திருந்தாராம், முகமெல்லாம் வேர்வையாம்.

அன்று மதியம் அவர் தூங்கும்போது ஃபைலை எடுத்தேன். வழக்கமாக அவர் நீட்டுகிற பக்கத்தில் மட்டும் கையெழுத்துப் போடுவேன். முதல் தடவையாகப் புரட்டிப் படித்தேன். நிராகரித்த ஊர் ஒவ்வொன்றின் பின்பக்கத்திலும் பென்சிலில் ஒரு வரி இருந்தது. ஸ்டேஷனிலிருந்து வீட்டுக்கு நூற்றிருபது படி. வீட்டிலிருந்து கடலுக்கு எண்பது படி. ஆஸ்பத்திரி இத்தனை கிலோமீட்டர். கடைசியில், ஃபைல் கயிற்றில் ஒழுங்காகக் கோத்து, ஒரு டாக்டர் சீட்டு. இரண்டு மாதம் பழசு. இதயம் மிகவும் பலவீனம், படி ஏறக் கூடாது, ஆபரேஷன் தாங்குவது சந்தேகம்.

மறைக்க நினைத்தவர் அதைக் கிழித்துப் போட்டிருக்கலாம். சம்பந்தப்பட்ட காகிதம் சம்பந்தப்பட்ட ஃபைலில்தான் இருக்கவேண்டும் என்று கை பழகிவிட்டது. ஆனால் அந்த ஒரு தாளுக்கு மட்டும் எண் போடவில்லை.

பயம் ஒரு பக்கம், என்னிடம் மறைத்தாரே என்ற ஆத்திரம் ஒரு பக்கம். எழுப்பி நாலு வார்த்தை கேட்கத்தான் படுக்கையறைக்குப் போனேன். வாய் லேசாகத் திறந்து தூங்கிக்கொண்டிருந்தார். மூச்சு வருகிறதா என்று பார்த்துக்கொண்டு நின்றேன். வருகிறது என்று தெரிந்த பிறகும் நகர முடியவில்லை.

திரும்பி வந்து டாக்டர் சீட்டின் மூலையில் பென்சிலால் பதினான்கு என்று எண் போட்டேன். புதுத் தாள் எடுத்து, அட்ரியாடிக் கடற்கரையில் தட்டையான ஊராகப் பார்க்கவும், என் முழங்கால் வலியால் படி ஏற முடியாது என்று எழுதினேன். மகளுக்கும் ஃபோனில் அதையே சொன்னேன். போன மாதம்கூட நன்றாகத்தானே நடந்தாய் என்றாள். வயசாகிறதில்லையா என்றேன். அவள் உடனே ஓர் ஊரை அனுப்பினாள். மணல், வரிசையாகக் குடைகள், வேறு பார்க்க ஒன்றுமில்லை.

சாயங்காலம் காபியோடு ஃபைலையும் அவர் முன் வைத்தேன். ஒவ்வொரு பக்கமாகப் புரட்டினார். பதினான்கில் விரல் நின்றது. கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி போட்டுக்கொண்டார். என்னைப் பார்க்கவில்லை. என் முழங்கால் குறிப்புக்குக் கீழே, ஆபீஸில் எழுதுவதுபோல 'பார்த்தேன்' என்று எழுதித் தேதி போட்டார்.

எந்த மாதம் போவது என்பது மட்டும் பாக்கி. செப்டம்பரில் கூட்டம் குறைந்துவிடும், அப்போது போகலாம் என்று நான் ஆரம்பத்திலிருந்தே சொல்லிக்கொண்டிருந்தேன்.

"ஜூன்லயே போயிடலாம்," என்றார். "செப்டம்பர் வரைக்கும் தள்ள வேண்டாம்."

பேனாவை வாங்கி ஜூன் என்று எழுதி, கீழே கையெழுத்துப் போட்டேன்.