டீயில் தொடாத உப்பு பிஸ்கட்

1. சித்தூரில், வீட்டு வாசலில் லாரியைத் துடைத்துக்கொண்டிருந்த நைனாவுக்குப் பக்கவாதம் வந்தது.
2. திருப்பதி ஆஸ்பத்திரியில் உயிர் தப்பினார். விழுங்க முடியவில்லை. மூக்கு வழியாகக் குழாய் போட்டார்கள்.
3. சில வாரங்களில் குழாயை எடுத்தார்கள். கூழ், குழைந்த சோறு, கடைசியாக ஒரு உப்பு பிஸ்கட், எல்லாவற்றையும் விழுங்கிக் காட்டினார். வீட்டுக்கு வந்தோம்.
4. வீட்டில் அம்மா பிஸ்கட் கொடுத்தாள்.
5. காய்ச்சல் வந்தது. நுரையீரலில் டீ இறங்கியிருந்தது. மறுபடி திருப்பதி, மறுபடி குழாய்.

நான் மின் பொறியாளர். பழுது எந்த இடத்தில் என்று தேடுவது என் வேலை. இதில் அது நாலாவது வரியில் இருக்கிறது.

முதல் தடவை குழாயை எடுத்தபின், ஆஸ்பத்திரியில் விழுங்கும் பயிற்சி கொடுத்த பெண் என்னிடம் கிராக்கர் பிஸ்கட் வாங்கி வரச் சொல்லியிருந்தார். எதிர்க்கடைக்காரர் மேரி பிஸ்கட்டை நீட்டினார். அது வாயில் தானே கரைந்துவிடும், ஆகாது. பேக்கரி ஓம பிஸ்கட் பொடியாக உதிரும், அதுவும் ஆகாது. மெல்லிசாக, ஓட்டை ஓட்டையாக, உடைத்தால் சத்தம் வருகிற உப்பு பிஸ்கட்தான் வேண்டுமாம். மென்று, நாக்கால் திரட்டி, விழுங்க முடிகிறதா என்பது அதில்தான் தெரியும் என்றார்.

நைனா மென்றார். விழுங்கினார். இருமவில்லை.

"காஞ்சத துன்றதுக்கு நான் என்னா எலியா?" என்று குழறினார். நோய் வந்தபின் அவர் முழுதாகப் பேசியது அதுதான் முதல் தடவை. அம்மா சிரித்துக்கொண்டே அழுதாள்.

"பிஸ்கட் கொடுக்கலாம். தண்ணி, பால், டீ எதுவும் அப்படியே கூடாது. இந்த மாவைக் கலந்து கெட்டியாக்கி ஸ்பூனில்தான்" என்று அந்தப் பெண் சொல்லி அனுப்பினார்.

காய்ச்சலோடு மறுபடி திருப்பதிக்குப் போனபோது அந்தப் பெண் அம்மாவிடம் கேட்டார்.

"டீ குடுத்தீங்களா?"

"அய்யோ, இல்லம்மா. ஒரு மடக்கு டீகூட குடுக்கல. பிஸ்கட்தான் குடுத்தேன்."

"எப்படிக் குடுத்தீங்க?"

"எப்படின்னா? டீயில தொட்டுத்தான். காஞ்சத குடுத்தா தொண்டையில குத்தாதா?"

பிஸ்கட் உறிஞ்சிய டீ வாயில் தனியாகப் பிரிந்து, மெல்வதற்கு முன்பே மூச்சுக்குழாயில் இறங்கிவிடும் என்று அவர் நிதானமாக விளக்கினார். அம்மா தன் விரல்களைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

எங்கள் வீட்டில் டீ இல்லாமல் பிஸ்கட் பாக்கெட்டைப் பிரித்து நான் பார்த்ததில்லை. மாங்காய் லோடு ஏற்றிப் போகும்போது நைனா புத்தலப்பட்டு டீக்கடையில் லாரியை நிறுத்துவார். உப்பு பிஸ்கட்டைப் பாதி வரை முக்கி, உடைந்து விழுவதற்குள் வாயில் போட்டுக்கொள்வார். டம்ளரின் அடியில் அவருக்குப் பிஸ்கட் தூள் தங்காது. அம்மாவைப் பொறுத்தவரை அது டீ குடிப்பது அல்ல, பிஸ்கட் துன்றது. சொன்ன எதையும் அவள் மீறவில்லை.

இப்போது அந்தப் பெண் யாரையும் வீட்டுக்கு அனுப்புமுன், "எப்படிக் குடுப்பீங்க, செஞ்சு காட்டுங்க" என்கிறார்.

குழாயை இரண்டாவது முறையும் எடுத்தாயிற்று. நைனா உப்பு பிஸ்கட்டைச் சின்னச் சின்னதாக உடைத்து, காய்ந்தபடியே தின்கிறார். டீ மாவு கலந்து ஸ்பூனில் வருகிறது, அவருக்கு அது பிடிக்கவில்லை. சாதாரண டீக்கு இன்னும் அனுமதி இல்லை.