பூசாத எண்ணெய்

என் கணவர் இறந்த அன்று மாலை, ஜெபமாலை சொல்ல வந்த, எங்கள் தெரு ஜெபக்குழுவான அன்பியத்துப் பெண்களில் ஒருவர் என் கையைப் பிடித்துக்கொண்டு, சாமியார் வந்து பூசினாரா என்று கேட்டார். சாவு வீட்டில் எங்கள் ஆட்கள் முதலில் கேட்கிற கேள்வி அது. நோயாளியின் நெற்றியிலும் கைகளிலும் சாமியார் எண்ணெய் பூசி ஜெபித்தால் போகிற உயிர் நிம்மதியாகப் போகும் என்பது நம்பிக்கை. ஆமாம், பூசினார் என்றேன். பச்சைப் பொய்.

பூசவிடாமல் செய்தவளே நான்தான். சிறுநீரகம் பழுதாகி, அவர் வாரம் மூன்று முறை வேலப்பன்சாவடிப் பக்கம் டயாலிசிஸுக்குப் போய்க்கொண்டிருந்தார். ஒரு ஞாயிறு பூசை முடிந்ததும் எங்கள் பங்குச் சாமியார் என்னைக் கூப்பிட்டு, வீட்டுக்கு வந்து அவருக்குப் பூசட்டுமா என்றார். எண்ணெயைப் பார்த்தால் அவர் பயந்துவிடுவாரே என்று தோன்றியது. எண்ணெயோடு சாமியார் வந்தால் அடுத்து சவப்பெட்டிதான் வரும் என்று பயந்தே வளர்ந்த குடும்பம் என்னுடையது. இது சாகப்போகிறவருக்கு மட்டுமல்ல, நோயாளி எவருக்கும்தான் என்று பிரசங்கத்தில் எத்தனையோ முறை கேட்டிருக்கிறேன். பக்தியாகத் தலையாட்டிவிட்டு வந்திருக்கிறேன். அவர் நன்றாகத்தான் இருக்கிறார் ஃபாதர், அடுத்த வாரம் பார்க்கலாம் என்றேன். அப்படியே ஐந்து வாரம் தள்ளினேன். ஆறாவது வாரம் ஒரு நண்பகல், சாப்பிட உட்கார்ந்தவர் அப்படியே சாய்ந்துவிட்டார்.

அதற்குப் பிறகு என்னால் ஒழுங்காக அழக்கூட முடியவில்லை. அழ ஆரம்பித்தால் பயம் குறுக்கே வந்து நிற்கும். அவர் எங்கே இருக்கிறார், எந்த நிலையில் இருக்கிறார், என் முட்டாள்தனத்தால் அங்கே என்ன பாடுபடுகிறார்? சோறு இறங்கவில்லை. பூசைக்குப் போனால் கடைசி வரிசையில் உட்கார்ந்து, பாவத்தோடு வாங்கக் கூடாது என்று நன்மை அப்பம் வாங்காமல், ஆசீர்வாதம் முடிவதற்குள் செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பிவிடுவேன். எங்கள் சாமியாரும், பூசினாரா என்று கேட்ட அந்தப் பெண்ணும் கோயில் வாசலில் பேசிக்கொண்டிருந்தால் போதும், பக்கவாட்டு வாசல் வழியாக வெளியேறிவிடுவேன்.

முப்பதாம் நாள் பூசை ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்தது. பூசை முடிந்து எங்கள் வீட்டில் சாப்பாடு. சாமியாரும் அன்பியத்துப் பெண்களும் ஒரே பந்தியில் உட்காருவார்கள். யாராவது ஒருத்தி, நல்லவேளை நீங்கள் வந்து பூசினீர்கள் ஃபாதர் என்று சொல்லிவிட்டால் முடிந்தது கதை. அதற்கு முன்னால் ஒரு சாமியாரிடம் பாவத்தைச் சொல்லி மன்னிப்புக் கேட்டு, பாவசங்கீர்த்தனம் செய்தாக வேண்டும். எங்கள் சாமியாரிடம் சொல்ல முகம் இல்லை. அதனால் சனிக்கிழமை சாயங்காலம், என்னைத் தெரியாத கோயிலாகப் பார்த்துப் போவது என்று முடிவு செய்தேன்.

அவரை டயாலிசிஸுக்கு அழைத்துப்போன ஆட்டோக்காரரையே கூப்பிட்டேன். பூந்தமல்லிக்காரர், வேளை தவறாமல் தொழுகிறவர். நெமிலிச்சேரி தாண்டியதும், நெடுஞ்சாலைப் பக்கம் ஏதாவது மாதா கோயில் இருந்தால் விடுங்கள் என்றேன். அவர் வாய் தவறிக் கேட்டுவிட்டார்.

"அன்னிக்கு அண்ணன் போனாரே, அந்தக் கோயிலாண்ட உடட்டாக்கா?"

எந்த அண்ணன் என்றேன். பக்கத்து வீட்டாரையோ வேறு சவாரியையோ சொல்கிறார் என்று நினைத்தேன். வண்டியை ஓரங்கட்டிவிட்டு அவர் மெதுவாகச் சொன்னார். எனக்குக் காய்ச்சல் என்று நான் கூடப் போகாத ஒரே ஒரு நாள். ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பும்போது என் கணவர் அந்தக் கோயிலில் நிறுத்தச் சொல்லியிருக்கிறார். ஆட்டோக்காரர்தான் கைத்தாங்கலாக உள்ளே கூட்டிப்போயிருக்கிறார்.

"சாமியாரு நெத்தியிலயும் கையிலயும் எண்ண வெச்சி ஓதுனாருக்கா. ஊட்ல சொல்லாதப்பா, அவ பயந்துக்குவான்னு அண்ணன் சத்தியம் வாங்கிகினாரு."

அவர் பயப்படுவார் என்று நான் ஐந்து வாரம் மறைத்தேன். நான் பயப்படுவேன் என்று அவர் ஒரே சாயங்காலத்தில் வேலையை முடித்துவிட்டு வந்து, காபியில் சர்க்கரை கூட என்று வழக்கம்போல் என்னோடு சண்டை போட்டிருக்கிறார். வெளியே வரும்போது எப்படி இருந்தார் என்று கேட்டேன்.

"சிரிச்சிகினே வந்தாரு. டீ குடிக்கலாம்னாரு. டாக்டரு தண்ணியே அளந்து குடிக்க சொல்லிகீறாருன்னேன், கேக்கல. ரெண்டு டீ குடிச்சாரு. அதையும் உங்ககிட்ட சொல்லக் கூடாதுன்னாரு."

ரெண்டு டீயா என்று முதலில் எனக்குக் கோபம்தான் வந்தது. செத்த மனிதரை ஆட்டோவில் உட்கார்ந்து திட்டினேன். திட்டிக்கொண்டிருக்கும்போதே சிரிப்பு வந்துவிட்டது, அதோடு அழுகையும். முப்பது நாளாக வராத அழுகை. ஆட்டோக்காரர் பயந்துபோய்த் தண்ணீர் பாட்டிலை நீட்டினார். எனக்கு எவ்வளவு பெரிய செய்தி சொன்னோம் என்று அவருக்குத் தெரியாது.

என் கணவர் அன்று போன அதே கோயிலில் இறங்கி உள்ளே போனேன். நான் சொன்னது உண்மையாகிப்போனாலும், பொய் என்று நினைத்துத்தானே சொன்னேன், அது பாவம்தானே. மாதாவின் அருளால் அவர் ஆன்மா பிழைத்துக்கொண்டது, என் ஆன்மா பிழைக்குமா தெரியவில்லை. பாவசங்கீர்த்தனத் தொட்டி என்கிற மரக்கூண்டில் முழங்காலிட்டேன். முப்பது நாளாக மனப்பாடம் செய்து வைத்திருந்த ஒரு வார்த்தையும் வரவில்லை. கம்பித் திரைக்கு அந்தப் பக்கம் சாமியார் காத்திருந்தார்.

"என் வீட்டுக்காரர் எனக்கு முன்னாடியே இங்க வந்துட்டார் ஃபாதர்" என்றேன்.