அளவுக் கயிறு

மலை இறங்கியதும் மாதையன் ஜீப்பை ஓரங்கட்டிவிட்டுக் கூரைமேல் ஏறுவார். புளிமூட்டைகளைக் கட்டிய கயிறு ஒவ்வொன்றையும் இழுத்துப் பார்த்து மறுபடி இறுக்குவார். உள்ளே இருப்பவர்கள் சத்தம் போடுவார்கள்.

"யோவ், பஸ்ஸு போய்டும்யா!"

"மூட்ட உழுந்தா நீயா குடுப்ப? கம்முனு குந்து."

புதூர்நாட்டிலிருந்து திருப்பத்தூர் போகும் வழியில், இருபத்தெட்டு வருடமாக இதே இடம், இதே பதில்.

மாதையன் என் அப்பா. ஹார்னைவிடச் சத்தமாகத் தும்முவார். மூன்று மாதமாகச் சட்டைப்பையில் ஒரு துண்டுக் கற்றாழை நார்க் கயிறு வைத்திருக்கிறார். டீக்கடைப் பன், பயணிகளின் செருப்பு, எதைக் கண்டாலும் அதைப் பக்கத்தில் நீட்டிப் பார்க்கிறார். அது எங்கள் வீட்டுக் கம்ப்யூட்டர் பெட்டியின் உள்நீளம்.

பெட்டி சின்னது. மூன்று செங்கல் அடுக்கிய அளவு. அம்மா அதில் லாரி ஓட்டும் விளையாட்டு ஆடுவாள். ஜீப்பில் அவளை ஒருநாளும் ஸ்டீயரிங் தொட விடாதவர், பக்கத்தில் உட்கார்ந்து, "கியர மாத்து, சகுந்தலா!" என்று கத்துவார். மார்கழியில் அம்மா போனாள். அதே வாரம் பெட்டிக்குள் இருந்து திரைக்குப் படம் அனுப்பும் கிராபிக்ஸ் கார்டும் போனது. கடைசியாக அவள் லாரியை ஒரு மேட்டில் நிறுத்தியிருந்தாள்.

"பிரேக் போட்டாளோ இல்லியோ" என்பார் ஒவ்வொரு போனிலும்.

பெரிய கம்ப்யூட்டர் வாங்கி, அம்மா ஆடியதை அதற்கு மாற்றிவிடலாம் என்றேன்.

"இன்னாத்துக்கு? லோடு ஏத்தின வண்டிய எவனாச்சும் நடுவழியில மாத்துவானா?"

சனிக்கிழமை நான் சென்னையிலிருந்து வந்து திருப்பத்தூரில் இறங்கினேன். அப்பா ஜீப்போடு காத்திருந்தார். கம்ப்யூட்டர் கடையில் வெண்ணிலா என்ற பெண் இரண்டு கார்டுகளைக் காட்டினாள். சின்னதற்கு ஒரு விசிறி, பதினேழு சென்டிமீட்டர். பெரியதற்கு இரண்டு விசிறி, பதினெட்டுக்குக் கொஞ்சம் குறைவு. பெட்டியின் மின்சாரம் இரண்டுக்கும் போதும்.

"அளந்தீங்களா? டப்பாவப் பிரிச்சா திருப்பி எடுக்க மாட்டோம்ங்க."

அப்பா கயிற்றை நீட்டினார். பெரியதும் அடங்கியது.

"ரெண்டு விசிறியே இருக்கட்டும். மேடு ஏறணும், சூடாவும்."

வெண்ணிலா பில் போடத் திரும்பினாள். கயிற்றை மடிக்கப்போன அப்பா நின்றார். இரு முனையையும் இழுத்தார். விட்டார். மறுபடி இழுத்தார்.

"கண்ணு, இத நான் மார்கழிப் பனியில அளந்தேன்."

எனக்கு விளங்கவில்லை.

"ஈரத்துல கயிறு சுருங்கும். கீழ வந்து காஞ்சா நீண்டுக்கும். தெனம் அதுக்கு தான வண்டிய நிறுத்தறேன்!"

நனைந்த நார் உப்பும், முறுக்கேறும், நீளம் குறையும். படித்திருக்கிறேன். தோன்றவில்லை. அப்படியானால் பெட்டி கயிற்றைவிடக் குட்டை. எவ்வளவு குட்டை என்று இங்கே யாருக்கும் தெரியாது.

"சின்னதையே குடும்மா" என்றார் அப்பா. குரல் இறங்கியிருந்தது.

மலை ஏறும்போது ஒவ்வொரு கொண்டை ஊசி வளைவிலும் என் மடியிலிருந்த டப்பாவைத் திரும்பிப் பார்த்தார்.

"ஒத்த விசிறி. இழுக்குமா?"

"இழுக்கும்ப்பா. ரோட்டப் பாருங்க."

"உள்ள போவுமா?"

டப்பாவை இன்னும் இறுக்கிப் பிடித்துக்கொண்டேன்.

வீட்டில் கார்டைச் செருகினேன். முனைக்கும் பெட்டித் தகட்டுக்கும் நடுவே ஒரு தீக்குச்சி நுழையலாம். விசிறி சுற்றியது. திரையில் மழை, மேட்டுப்பாதை, அம்மா நிறுத்திய லாரி.

அப்பா நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தார். கீபோர்டைத் தொடவில்லை. அவருடைய இடது கை தொடைக்குப் பக்கத்தில் இறங்கி, அங்கே இல்லாத ஹேண்ட் பிரேக்கை மேலே இழுத்துப் பிடித்துக்கொண்டது.