சதுரகிரியில் சோறாகாத நாள்

பேரன் தன் மலையேற்றக் குழுவின் படத்தைக் காட்டினான். நடுவில் நின்ற தலைவன் கழுத்தில் விசில் தொங்கியது. பார்த்ததும் எனக்கு வயிறு எரிந்தது.

அறுபதுகளின் தொடக்கம். ஏழாம் வகுப்பு, தைப்பூசத்துக்கு முந்திய ஞாயிறு என்பது உறுதி. பள்ளிச் சாரணர்கள் சதுரகிரி ஏறினோம். நான் ஆசைப்பட்ட தலைவர் விசில் சுடலைக்குக் கிடைத்திருந்தது.

மேலே சோறாக்க உட்கார்ந்தால் தீப்பெட்டி இல்லை. எல்லார் வீட்டிலும் தீப்பெட்டி ஒட்டுவதால், அடுத்தவன் கொண்டுவருவான் என்று இருந்துவிட்டார்கள்.

"ஏலே சுடலை, சிவகாசில பெறந்துட்டு தீப்பெட்டி இல்லாம கூட்டிட்டு வந்திருக்கியே!" என்று வாத்தியார் கத்தினார்.

என் கால்சட்டைப் பையில் ஒரு பெட்டி இருந்தது. கொடுத்தால் திட்டு நின்றுவிடுமே என்று பேசாமல் நின்றேன்.

பசியோடு இறங்கும்போது பையில் குச்சிகள் குலுங்கின. பின்னால் வந்த சுடலை என் காதருகே குனிந்தான்.

"மெதுவா நடலே. வாத்தியாருக்குக் கேட்டுரும்."