ரொறன்ரோவில் எட்டு, இங்கே ஐந்தரை

இதைப் பட்டப்பகல் பதினொரு மணிக்கு, எல்லா விளக்கையும் போட்டுக்கொண்டு, அம்மாவைப் பக்கத்தில் இருத்திவைத்துக்கொண்டு எழுதுகிறேன். சிரிப்பவர்கள் சிரிக்கலாம். போன பங்குனியில், திருகோணமலைத் துறைமுகப் பக்கம் ஒரு மாடி அறையில், எனக்கே நடந்தது இது. ஒரு சொல்லும் கூட்டவில்லை.

என் பெயர் டிலக்ஷி. கம்பனியில் எங்கள் குழுவில் மூன்றே பேர். தலைவர் சிறில் அண்ணா ரொறன்ரோவில். பிரியதர்சினி அக்கா மெல்பேர்ணில். நான் இங்கே திருகோணமலை அன்புவழிபுரத்தில். ஒருவர் படுக்கப் போகும்போது மற்றவர் பல் விளக்குவார். மூவரும் சேர்ந்திருந்து வேலை செய்ய ஒரு பொது நேரம் தேடுவதே பெரிய பாடாக இருந்தது. இணையத்தில் ஒரு நேர அட்டவணை போட்டு, அவரவர் தமக்கு ஏலுமான நேரத்தைப் பச்சையாக்கினோம். மூன்று பச்சையும் ஒன்றாக விழுந்தது எங்கள் காலை ஐந்தரை முதல் ஏழு வரை.

நான் ஆறு மணி கேட்டேன். இருட்டில் வீட்டை விட்டுக் கிளம்பத் தேவையில்லையே. மெல்பேர்ணுக்கும் அது வசதிதான். சிறில் அண்ணா மட்டும் அசையவில்லை.

"ஐந்தரைதான். இங்க இரவு எட்டு மணி. அதை மாத்த ஏலாது."

ஏனென்று கேட்க எனக்கு வாய் வரவில்லை. மூன்று மாதம் வேலை பார்த்த பிறகுதான் நிரந்தரம். இரண்டு கூட்டம் தவறினால் வீட்டுக்குப் போகவேண்டியதுதான். பிறகு நோயாளி அம்மாவைத் தனியே விட்டுவிட்டுக் கொழும்பில் வேலை தேடவேண்டும். தலையாட்டினேன்.

வீட்டில் இணைப்பு அடிக்கடி அறுந்துவிடும். அதனால் அந்த மாடி அறையைக் கம்பனியே வாடகைக்கு எடுத்துத் தந்தது. தேடிப் பிடித்தவர் சிறில் அண்ணா. ஒரு மேசை, ஒரு கதிரை, ஒரு கதவு. கீழே சின்னராசா அண்ணையின் சைக்கிள் கடை. அவர் எட்டு மணிக்குத்தான் திறப்பார்.

திங்கட்கிழமை. 5.30. கூட்டம் தொடங்கியதும் படியில் செருப்புச் சத்தம். சரக்... சரக்... மெதுவாக ஏறி வந்து என் கதவுக்கு வெளியே நின்றது. யாரோ மூச்சு வாங்குவது கேட்டது. படியின் கீழ்க்கதவை நான்தான் உள்பக்கம் பூட்டிவிட்டு ஏறியிருந்தேன். பூனையாக்கும் என்று மனதைத் தேற்றினேன். செருப்புப் போட்ட பூனை!

செவ்வாய். 5.31. டொக்... டொக்... யாரது என்று கேட்டேன். திரையில் சிறில் அண்ணா பேச்சை நிறுத்திவிட்டு, யாராவது வந்தார்களா என்று கேட்டார். ஒருவருமில்லை என்று பொய் சொன்னேன். அவர் என்னைப் பயந்தாங்கொள்ளி என்று எழுதிவிட்டால் வேலை என்ன ஆவது?

புதன். 5.30.

"டிலக்ஷி, உங்கட பக்கம் போன் அடிக்குது. எடுங்கோவன்" என்றார் பிரியதர்சினி அக்கா.

எனக்கும் கேட்டது. ட்ரிங்... ட்ரிங்... பழைய காலத்துப் போன். என் கைபேசி மேசையில் இருண்டு கிடந்தது. அறையில் வேறு போனே இல்லை.

சத்தம் என் காலடியிலிருந்து வந்தது.

வெளியே கதவில் தட்டல். பிறகு உள்ளங்கையால் அடி. தட்! தட்! தட்!

"பிள்ளை... திறவுங்கோ... அவன் போனை வைச்சிடுவான்..."

வயதான பெண் குரல். கைப்பிடி திரும்பியது.

கதிரையைக் கதவோடு தள்ளி, அதில் முதுகைக் கொடுத்தேன். எனக்கு அழுகை வந்துவிட்டது.

திரையைப் பார்த்தேன்.

சிறில் அண்ணா... காதில் ஒரு போனை வைத்துக்கொண்டிருந்தார்.

5.34.

மணி நின்றது.

கதவுக்கு வெளியே ஏதோ மெல்லச் சரிந்து விழுந்தது.

பிறகு ஒன்றுமில்லை...

சைக்கிள் கடை திறக்கும் சத்தம் கேட்ட பிறகுதான் நான் கதவைத் திறந்தேன். படியில் ஒருவரும் இல்லை. கீழ்க்கதவும் பூட்டினபடியே இருந்தது. என் முகத்தைப் பார்த்ததும் சின்னராசா அண்ணை தேநீர் வாங்கித் தந்தார். பிறகுதான் சொன்னார்.

சண்டைக் காலத்தில் அந்த மாடி ஒரு தொலைபேசிக் கடை. வெளிநாடு போன பிள்ளைகள் நேரம் சொல்லிவைத்துப் போன் எடுப்பார்கள். தாய்மார் வந்து காத்திருப்பார்கள். ஒரு தாய்க்குக் காலை ஆறு மணிக்குக் கனடாவிலிருந்து மகன் எடுப்பான். 2006 சித்திரையில் நாடு முழுவதும் மணிக்கூட்டை அரை மணித்தியாலம் பின்னுக்கு வைத்தார்கள். அவனுக்கு அது தெரியாது. வழமைபோல அங்கே இரவு எட்டு அடித்ததும் எடுத்துவிட்டான். தாயும் கையில் கட்டிய மணிக்கூட்டை மாற்றாமல் வந்துவிட்டாள். இங்கே அப்போது ஐந்தரை. கடை திறக்க இன்னும் அரை மணித்தியாலம்.

"உள்ளுக்க போன் அடிக்குது. மனிசி கதவில அடிச்சு அடிச்சே... கடைக்காரர் வந்து பாக்க, கதவடியில செத்துக் கிடக்குது" என்றார்.

மகன் யாரென்று கேட்டேன்.

"சிறில் எண்டு ஒரு பெடியன். பிறகு இந்தப் பக்கம் வரவே இல்லை."

அன்று இரவு சிறில் அண்ணா எனக்குப் போன் எடுத்தார். வேலையைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. ஒன்றே ஒன்றைத்தான் கேட்டார்.

"அவ தட்டேக்க... கதவைத் திறந்தனீங்களா?"

இல்லை என்றேன். அவர் போனை வைத்துவிட்டார்.

மறுநாள் என் வேலை போனது. கொழும்புக்குப் போக உடுப்பு அடுக்கிவிட்டேன். இன்று காலை விளம்பரம் ஒன்று பார்த்தேன். திருகோணமலையில் ஆள் தேவையாம். அறை தரப்படும். நேரம், காலை ஐந்தரை.