பச்சை முகங்கள் வரைந்த திரை

பத்தடி அகலக் கித்தான் துணி அது. அதில் ஒரு பூந்தோட்டம், இரண்டு பளிங்குத் தூண்கள், குளத்தில் ஓர் அன்னம். பிரிக்பீல்ட்ஸில் நான் வேலை பார்த்த போட்டோ ஸ்டுடியோவில் கல்யாண ஜோடிகள் அதன் முன்னால்தான் நிற்பார்கள். சேலை மடிப்பைச் சரிசெய்வதும், அச்சிட்ட படங்களுக்குக் கையால் வண்ணம் தீட்டுவதும் என் வேலை. ஒரு காலை நான் உள்ளே நுழைந்தபோது திரை பின்பக்கமாகத் திருப்பி மாட்டப்பட்டிருந்தது. அந்தப் பக்கத்தில் புதிதாக ஓர் ஓவியம். இருபுறமும் சரிந்து விழப்போகும் வீடுகள். நடுவே ஒரு தெரு. தொப்பி வைத்த மனிதர்கள் நெருக்கியடித்து நடக்கிறார்கள். முகமெல்லாம் பச்சை, கண் இருக்கவேண்டிய இடத்தில் வெறும் குழி. ஒரே ஒரு பெண் மட்டும் திரும்பிப் பார்க்கிறாள். நான் வாசலுக்கே ஓடி வந்துவிட்டேன்.

வரைந்தவர் எங்கள் கடையின் பின்னறையில் தங்கியிருந்த ஜெர்மன்காரர். உலகச் சண்டை தொடங்குவதற்கு இரண்டு மூன்று வருடம் முன்பு திரை எழுதும் வேலை கேட்டு வந்தவர். அவர் ஊரில் அரசாங்கத்து ஆட்கள் அவருடைய ஓவியங்களைச் சுவரிலிருந்து கழற்றிவிட்டார்களாம். இனி வரையவே கூடாது என்று உத்தரவு வேறு. எங்கள் இருவருக்கும் பொதுவாக இருந்தது அரைகுறை மலாய் ஒன்றுதான். ஊரில் இருக்கும் தங்கைக்கு அவர் எழுதிய கடிதம் பிரிக்கப்படாமலே திரும்பி வந்த வாரம் அது. படத்தைக் காட்டி, "ராமாய் ஓராங். தாப்பி சொராங்-சொராங்" என்றார். கூட்டம்தான், ஆனால் ஒவ்வொருவரும் தனி. திரும்பிப் பார்ப்பவள் யார் என்று கேட்டேன். தங்கை என்றார்.

முதலாளிக்குப் படம் பிடிக்கவில்லை. "தங்கச்சி, இதுக்கு முன்னால எவ வந்து நிப்பா? எழவு வீடு மாதிரி இருக்கு லா" என்று என்னிடம் சொல்லிவிட்டுக் கிள்ளானுக்குப் போனார், வந்ததும் திருப்பி மாட்டலாம் என்று.

அன்று மதியம் வெள்ளை உடுப்பில் இரண்டு துரைமார் பேசிக்கொண்டே படியேறினார்கள். தன் ஊர்ப் பாஷை காதில் விழுந்ததுமே ஜெர்மன்காரர் தூரிகையைப் போட்டுவிட்டு இருட்டறைக்குள் போய்த் தாழிட்டுக்கொண்டார். வந்தவர்கள் கழுவித் தரச்சொல்லி ஒரு பிலிம் சுருளை மேசையில் வைத்தார்கள். பிறகு திரையைப் பார்த்தார்கள். ஒருவர் அருகே போய் நான்கு மூலைகளிலும் கையெழுத்தைத் தேடினார். இல்லை. என்னிடம் திரும்பி, வரைந்தது யார் என்று மலாயில் கேட்டார்.

துரையிடம் பொய் சொன்னால் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியும். புருஷனை ரயில்வே பட்டறையில் பறிகொடுத்தவள் நான். இந்த வேலையை விட்டால் நாதியில்லை. ஆனாலும் வாய் முந்திக்கொண்டது.

"சாயா" என்றேன். நான்தான்.

அவர் என் விரல்களைப் பார்த்தார். படங்களுக்குத் தீட்டிய சிவப்பும் பச்சையும் நகக்கண்ணில் ஒட்டியிருந்தன. அவர் சிரித்தார், மற்றவர் சிரிக்கவில்லை. ஒரு சின்ன நோட்டில் எதையோ குறித்துக்கொண்டு இருவரும் இறங்கிப் போனார்கள்.

இருட்டறைக் கதவு திறக்க வெகுநேரமானது. அவர் தரையில் முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். ஏன் அப்படிச் சொன்னாய் என்று கேட்டார். எனக்குத் தெரிந்த மலாயில் சொன்னேன்: "உங்க தங்கச்சி இவங்க ஊர்ல இருக்காங்க. எனக்கு அங்க யாரும் இல்ல."

அவர் முகத்தை மூடிக்கொண்டார்.

சாயங்காலத்துக்குள் தெரு முழுவதையும் வெள்ளைச் சாயத்தால் அழித்தார். தங்கையைக் கடைசியாக அழித்தார். வேலைக்குச் சேர்ந்தபோது முதலாளி எடுத்த தன் படத்தின் கண்ணாடி நெகட்டிவைக் கேட்டு வாங்கித் தானே உடைத்தார். இரண்டாம் நாள் கிள்ளானில் கப்பலேறினார். எங்கே போகிறார் என்று எங்களிடம் சொல்லவில்லை. நாங்களும் கேட்கவில்லை.

வெகுநாள் நான் என்னைச் சமாதானப்படுத்திக்கொண்டேன். அவர்கள் ஓவியம் பிடித்துப்போய் விசாரித்தவர்களாக இருக்கலாம், இந்த மனிதர்தான் வீணாகப் பயந்துவிட்டாரோ என்று. ஆனால் பிலிமை வாங்க யாரும் வரவில்லை. ஒரு மாதம் பார்த்துவிட்டு முதலாளி அதைக் கழுவினார். வெளிச்சத்தில் உயர்த்திப் பிடித்துப் பார்த்துவிட்டு என்னிடம் நீட்டினார்.

ஒரு படம்கூட எடுக்கப்படாத பிலிம் அது.